ஸ்லோவேனியாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: பனிமலையிலிருந்து உப்பளம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெனிசுக்கும் வியன்னாவுக்கும் நடுவில் ஒரு நாள் மிச்சமிருந்தால் பிளெட் ஏரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் பலர் ஸ்லோவேனியாவுக்குத் திட்டம் போடுகிறார்கள். டூர் நிறுவனங்களும் அப்படியே விற்கின்றன. காலையில் ஏரி, மதியம் குகை, இரவு அடுத்த நாடு. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளில் பெரும்பாலான நேரம் வரிசையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் போய்விடும்.

நாடு சின்னதுதான். பரப்பு 20,273 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 21 லட்சம் பேர், கடற்கரை வெறும் 47 கிலோமீட்டர். பாதிக்கு மேல் காடு. இதற்குள் ஆல்ப்ஸ் மலை, ஏட்ரியாட்டிக் கடல், சுண்ணாம்புப் பாறை நிலம், ஹங்கேரி பக்கத்துச் சமவெளி நான்கும் வந்து சேர்கின்றன. சின்ன நாடு என்பதால் ஒரே ஊரில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு கணவாய் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் எத்தனை இடம் பார்ப்பது என்று பட்டியல் போடுவதைவிட, எந்தெந்த ஊரில் தங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

படி 1: நாட்டை நிலவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஹாப்ஸ்பர்க் பேரரசுக் காலத்து மாகாணப் பெயர்கள் இன்று அரசு நிர்வாகத்தில் இல்லை. ஆனாலும் மக்கள் பேச்சிலும் சாப்பாட்டிலும் அவை அப்படியே இருக்கின்றன. பயணிக்கும் அதுதான் வசதியான பிரிவு.

வடமேற்கில் கொரென்ஸ்கா: பிளெட், போஹின், திரிக்லாவ் சிகரம். மேற்கு எல்லை முழுக்க ப்ரிமோர்ஸ்கா: மேலே சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு, நடுவில் திராட்சைக் குன்றுகள், கீழே சுண்ணாம்பு நிலம், கடைசியில் கடல். போஸ்டொய்னா குகை இருக்கும் பகுதி நோத்ரான்ஸ்கா. தென்கிழக்கில் காடும் அமைதியான ஆறுகளும் கொண்ட தோலென்ஸ்கா, பேலா க்ராயினா. கிழக்கில் மரிபோரும் ப்துயும் இருக்கும் ஷ்தாயெர்ஸ்கா. மூரா ஆற்றைத் தாண்டினால் பிரெக்முரியே.

வெளிநாட்டவர் கூட்டம் முக்கால்வாசி மேற்குப் பாதியோடு நின்றுவிடுகிறது. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் நீங்களும் மேற்கோடு நிற்கலாம், தவறில்லை. பத்து நாளுக்கு மேல் இருந்தால் கிழக்கை விடாதீர்கள்.

படி 2: எப்போது போவது

மே கடைசி முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர். என் ஓட்டு செப்டம்பருக்குத்தான். ஏரித் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கும், திராட்சை அறுவடை நடக்கும், மலைப் பாதைகள் திறந்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிளெட்டில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. குளிர்காலத்தில் விர்ஷிச் கணவாய் பனியால் மூடிவிடும். விந்த்கார் பள்ளத்தாக்கு நடைபாதையும் அடைத்திருக்கும். பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு. அப்போது ப்துய் நகரத் திருவிழா உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 3: விசாவும் வந்து சேர்வதும்

ஸ்லோவேனியா ஷெங்கன் நாடு, பணம் யூரோ. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் கொடுக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

தலைநகர் லூப்லியானாவின் விமான நிலையம் சின்னது, ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வழியில் வேறு எங்காவது மாறித்தான் அங்கே இறங்க முடியும். வெனிஸ், ட்ரியெஸ்தே, ஜாக்ரெப், வியன்னாவில் இறங்கி பஸ்ஸிலோ ரயிலிலோ வருவது பல நேரம் மலிவு. போகும்போது ஒரு ஊர், திரும்பும்போது வேறு ஊர் என்று டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

படி 4: காரா, ரயிலா, பஸ்ஸா

லூப்லியானா, பிளெட், போஹின், பிரான், மரிபோர், ப்துய் இவ்வளவுதான் திட்டம் என்றால் கார் தேவையில்லை. பஸ்ஸும் ரயிலும் போதும். சோச்சா பள்ளத்தாக்கு, திராட்சைக் குன்றுகள், ஹிராஸ்தோவ்லே, பிரெக்முரியே கிராமங்கள் என்று உள்ளே நுழைய வேண்டுமானால் அந்த நாட்களுக்கு மட்டும் கார் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமப் பக்கம் பஸ் மிகக் குறைவு.

கார் எடுப்பவர்கள் கவனிக்க: நெடுஞ்சாலைக்கு மின்னணு வில்லை (சாலைக் கட்டணச் சீட்டு) வாங்கி வண்டி எண்ணோடு பதிய வேண்டும். உள்நாட்டில் வாடகைக்கு எடுக்கும் காருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்; இத்தாலியில் எடுத்து வந்தால் எல்லை தாண்டும் முன் நீங்களே வாங்க வேண்டும். இல்லாமல் மாட்டினால் அபராதம் வில்லை விலையைவிடப் பல மடங்கு. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ரயிலில் பிளெட் போகிறவர்களுக்கு ஒன்று. பிளெட் பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு. லூப்லியானாவிலிருந்து வரும் ரயில் நிற்பது லெஸ்த்ஸே-பிளெட். அங்கிருந்து ஏரிக்கு நான்கு கிலோமீட்டர், இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது பிளெட் யேசெரோ, அது வேறு தடத்தில் வருகிறது. லூப்லியானாவிலிருந்து நேரடி பஸ்தான் சுலபம், ஒன்றேகால் மணி நேரம்.

படி 5: லூப்லியானாவில் இரண்டு இரவு

1895-இல் ஒரு நிலநடுக்கம் இந்த நகரத்தை நொறுக்கியது. அதன் பிறகு கட்டியதுதான் இன்று பார்க்கும் ஊரில் பாதி. நான்கு டிராகன்கள் காவல் நிற்கும் பாலம் 1901-ஐச் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் ஊருக்கே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். இருந்த ஒரு பாலத்தின் இரு பக்கமும் நடந்து போகிறவர்களுக்காக இன்னும் இரண்டு சேர்த்து மூன்று பாலமாக்கியது, ஆற்றோரச் சந்தையின் தூண் வரிசை, தேசிய நூலகம் எல்லாம் அவர் வேலை. 2021-இல் அவர் லூப்லியானாவில் செய்தவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

நேரம் குறைவென்றால் கோட்டையை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போங்கள். கதவுக் கைப்பிடியே குதிரைத் தலை வடிவில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் 32 கருங்கல் நிறத் தூண்களுக்கு நடுவில் அரை இருட்டுப் படிக்கட்டு. ஏற ஏற வெளிச்சம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிய சன்னல்கள் உள்ள வாசிப்பறையில் முடியும். வாசிப்பறையைப் பார்வையாளருக்குத் திறக்கும் நேரம் குறைவு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நகர மையத்தில் 2007 முதல் கார் கிடையாது. நடக்க முடியாத பெரியவர்களை ஏற்றிச் செல்லச் சிறிய மின் வண்டிகள் இலவசமாக ஓடுகின்றன. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை, மழை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் சந்தைத் திடலில் திறந்தவெளி உணவுக் கடைகள் போடுவார்கள். உங்கள் இரண்டு இரவில் ஒன்று வெள்ளியாக அமைந்தால் நல்லது.

படி 6: பிளெட்டைப் பாருங்கள், போஹினில் தங்குங்கள்

பிளெட் அழகு, அதில் சந்தேகமில்லை. தீவு, தேவாலயம், பாறை மேல் கோட்டை என்று எல்லாம் அளவெடுத்து வைத்தது போல இருக்கும். ஏரியைச் சுற்ற ஆறு கிலோமீட்டர், நிதானமாக இரண்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு முன் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பஸ்கள் வந்து கொட்டிவிடும். மேலிருந்து பார்க்க ஒய்ஸ்திரிட்சா குன்றில் ஏறுங்கள், அரை மணி நேரச் செங்குத்து ஏற்றம். தீவுக்கு ப்ளெத்னா என்ற கூரை போட்ட மரப்படகில் போகலாம், துடுப்புப் படகு வாடகைக்கு எடுத்து நீங்களே வலிக்கலாம். இறங்கினால் தேவாலயத்துக்கு 99 படி. விந்த்கார் பள்ளத்தாக்குக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும்; நடைபாதை ஒரு வழிதான், தலைக்கவசம் கொடுப்பார்கள்.

அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் உள்ளே போங்கள். போஹின் ஏரி திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கரையில் பெரிய ஓட்டல்களின் வரிசை கிடையாது. நீந்த, துடுப்புப் படகு ஓட்ட, ஒன்றும் செய்யாமல் உட்கார என்று மூன்றுக்கும் ஏற்றது. மேற்கு முனையிலிருந்து 78 மீட்டர் சாவிட்சா அருவிக்கு ஏறலாம். வோகெல் ரோப்கார் 1,535 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவிடும். மேகமில்லாத நாளில் அங்கிருந்து நாட்டின் உச்சியான திரிக்லாவ் (2,864 மீட்டர்) தெரியும். தேசியக் கொடியில் இருக்கும் மலை அதுதான். வானிலை சரியில்லாத நாளில் ரோப்காருக்குக் காசு கொடுக்காதீர்கள். மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

அப்படிப்பட்ட நாளுக்கு ஸ்துதோர் கிராமம் இருக்கிறது. வைக்கோல் உலர்த்த மரச்சட்டங்களை இரட்டை வரிசையாக நட்டுக் கூரை போட்ட கட்டுமானங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மழை நிறைந்த பள்ளத்தாக்கில் புல்லைத் தரையில் போட்டால் அழுகிவிடும். காற்று ஊடாடும்படி தூக்கி மாட்டத்தான் இந்த ஏற்பாடு.

மலைப் பாதையில் நடப்பவர்கள் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி இருக்கும் குறியைத் தொடருங்கள். அவசர எண் 112. திரிக்லாவ் உச்சியை முன்பின் மலை ஏறாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் தொட நினைக்க வேண்டாம்.

படி 7: விர்ஷிச் தாண்டி சோச்சாவுக்கு

எனக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் பார்க்க அனுமதி என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கிரான்ஸ்கா கோராவிலிருந்து ஏறும் சாலையில் மொத்தம் 50 கொண்டை ஊசி வளைவுகள்: ஏறும்போது 24, இறங்கும்போது 26. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். ஏறும் பக்கத்து வளைவுகளில் கல் பாவியிருக்கும், மழையில் வழுக்கும். உச்சி 1,611 மீட்டர். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக இந்தச் சாலையைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க் கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். உயிர் பிழைத்த கைதிகள் கட்டிய மரக் கோயில் எட்டாவது வளைவில் இருக்கிறது. வண்டியை நிறுத்திப் போய்ப் பாருங்கள்.

அந்தச் சாலை எதற்காக என்பது மறுபக்கம் இறங்கினால் புரியும். 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு சண்டைகள் நடந்தன. கடைசியில், 1917 அக்டோபரில், கோபரித்தில் இத்தாலிய அணி உடைந்தது. கோபரித் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து தொடங்கும் ஐந்து கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் நடங்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எலும்புகள் வைத்த நினைவிடம், பழைய பதுங்குகுழிகள், ஆற்றின் மேல் தொங்கு பாலம், குகை மாதிரி மூடிய பாறைக்குள் விழும் கோஸ்யாக் அருவி என்று அரை நாளில் எல்லாம் வந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் காசுக்கு மிஞ்சிய பலன் தரும் அரை நாள் இதுதான்.

ஆற்றின் நிறத்தைப் படங்களில் பார்த்துவிட்டு யாரோ வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். இல்லை, நிஜமாகவே அப்படித்தான் பச்சையும் நீலமுமாக ஓடுகிறது. கோடையிலும் தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர்ச்சி. ராஃப்டிங்குக்கு போவெத்ஸ் ஊர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. சத்தமில்லாத இடம் வேண்டுவோர் கோபரித்திலோ தொல்மினிலோ தங்கலாம்.

கணவாய் மூடியிருந்தால் இன்னொரு வழி உண்டு. போஹின்ஸ்கா பிஸ்திரிட்சாவில் காரை ரயிலில் ஏற்றலாம், 6.3 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி மோஸ்த் நா சோச்சியில் இறக்கிவிடுவார்கள். கார் இல்லாதவர்கள் அதே தடத்தில் ஓடும் பயணிகள் ரயிலில் நோவா கொரிட்சா வரை போகலாம். 1906-இல் திறந்த பாதை. கடைசியில் வரும் சொல்கான் பாலத்தின் 85 மீட்டர் கல் வளைவு, கல்லால் கட்டிய ரயில் பால வளைவுகளில் உலகிலேயே பெரியது. ரயிலில் இருந்தால் பாலம் தெரியாது, நீங்கள் அதன் மேல்தான் இருப்பீர்கள். பார்க்க வேண்டுமானால் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். நோவா கொரிட்சா நிலையத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தின் பாதி இத்தாலி. 2004 வரை நடுவில் வேலி இருந்தது.

படி 8: குகை ஒன்று போதும்

போஸ்டொய்னாவா ஷ்கோட்சியானா? இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளோ முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட வந்தால் போஸ்டொய்னா. 1872 முதல் உள்ளே ரயில் ஓடுகிறது; ஐந்து கிலோமீட்டரில் 3.7 கிலோமீட்டர் உட்கார்ந்தே போகலாம். இருட்டிலேயே வாழும், கண் தெரியாத, நூறு வயது வரை இருக்கக்கூடிய புரோட்டியஸ் என்ற உயிரியையும் அங்கே பார்க்கலாம். பக்கத்தில் 123 மீட்டர் செங்குத்துப் பாறையின் வாயில் செருகிவைத்த பிரெத்யாமா கோட்டை. அங்கிருந்த எராசெம் என்ற பிரபுவை நீண்ட முற்றுகைக்குப் பிறகு, கழிவறையில் இருந்த நேரம் பார்த்துப் பீரங்கியால் அடித்தார்கள் என்று கதை சொல்வார்கள்.

மற்ற எல்லாருக்கும் ஷ்கோட்சியான். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ரேகா ஆறு முழுதாகப் பூமிக்குள் நுழைந்து, பல கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் வெளியே வருகிறது. குகைக்குள் ஆற்றுக்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாலத்தில் நடக்கும்போது கீழே தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்கும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதற்குத்தான். படிகள் நூற்றுக்கணக்கில். எந்தக் குகையானாலும் ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும், செருப்பு அல்ல, ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும்.

போகிற வழியில் லிபிட்சா. 1580-இல் தொடங்கிய குதிரைப் பண்ணை. குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும். குதிரைப் பிரியர்கள் இல்லையென்றால் தாண்டிப் போகலாம்.

படி 9: கடலோரம்

பிரான் நகரத்தை வெனிஸ் ஐந்நூறு ஆண்டு ஆண்டது, பார்த்ததும் தெரியும். பெயர்ப்பலகைகள் ஸ்லோவேனியம், இத்தாலியம் இரண்டிலும் இருக்கும். நடுச் சதுக்கம் 1894 வரை படகுத் துறையாக இருந்தது. அதைத் தூர்த்துத்தான் திடலாக்கினார்கள். நடுவில் நிற்கும் சிலை, 1692-இல் இங்கே பிறந்த வயலின் கலைஞர் தர்த்தீனி. வெளியூர்க் கார்களை உள்ளே விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே ஃபொர்னாச்சே நிறுத்தத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் வர வேண்டும். மணற்கடற்கரை எதிர்பார்த்து வராதீர்கள், எல்லாம் பாறையும் சிமெண்டுத் திட்டும்தான்.

செச்சோவ்லே உப்பளத்தை மாலையில் பாருங்கள். பாத்திகளின் அடியில் பாசியும் களிமண்ணும் சேர்ந்த மெல்லிய படலத்தை வளர்த்து வைத்திருக்கிறார்கள். பெயர் பெத்தோலா. சேறு உப்போடு கலக்காமல் அது தடுக்கிறது. உப்பு வெள்ளையாக வருவது அதனால்தான். மரப் பலகையால் கையாலேயே உப்பை வாருகிறார்கள். லேரா பகுதியில் இன்னும் உப்பு எடுக்கிறார்கள், ஃபொந்தானிஜே பகுதி கைவிட்ட வீடுகளும் அருங்காட்சியகமும். இரண்டுக்கும் தனித்தனி வாசல். ஒன்றுதான் முடியுமென்றால் லேரா.

கார் இருந்தால் ஹிராஸ்தோவ்லே கிராமத்துச் சிறு தேவாலயத்தை விடக்கூடாது. ஆட்டோமன் படையெடுப்புக்குப் பயந்து கட்டிய மதிலுக்குள் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க 1490-இல் முடிந்த ஓவியங்கள். ஒரு சுவரில் எலும்புக்கூடுகள் ஆளுக்கு ஒருவராகக் கையைப் பிடித்து அழைத்துப் போகின்றன. போப், அரசன், அரசி, பாதிரி, வணிகன், ஊன்றுகோல் கிழவன், கடைசியில் தொட்டிலிலிருந்து எழுந்த குழந்தை. வரிசையில் பணக்காரன் மட்டும் பணப்பையில் கையை விட்டு, கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா என்று நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே போகலாம்.

படி 10: கிழக்கே ஒரு திருப்பம்

ப்துய் நாட்டின் மிகப் பழைய நகரம். கி.பி. 69-இல் வெஸ்பாசியனைப் பேரரசனாக்க ரோமப் படைத் தளபதிகள் இங்கே கூடி முடிவெடுத்தார்கள். பிப்ரவரித் திருவிழாவில் குரென்த் வேடக்காரர்கள் வருவார்கள்: உடல் முழுக்க ஆட்டுத் தோல், இடுப்பில் கனத்த மணிகள், நெஞ்சுவரை தொங்கும் சிவப்பு நாக்கு. குளிர்காலத்தை விரட்டத்தான் இந்தச் சத்தம். மரிபோரில் நானூறு வயதைத் தாண்டிய திராட்சைக் கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. மலைதான் வேண்டும், பிளெட் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு வடக்கே லோகார் பள்ளத்தாக்கு.

மூராவைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மின் கம்பங்களின் உச்சியில் நாரைக் கூடுகள். பிரெக்முரியே முதல் உலகப் போர் முடியும்வரை ஹங்கேரியின் பகுதி. லெந்தாவா பக்கம் இன்றும் ஹங்கேரியம் பேசுகிறார்கள். பொகோயினா கிராமத்தில் பிளெச்னிக் கட்டிய தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் உள்ளூர்க் குயவர்கள் செய்த தட்டுகளைப் பதித்திருக்கிறார். தலைநகரில் அத்தனை கல்லை அடுக்கியவர் இங்கே சாப்பாட்டுத் தட்டைக் கூரையில் ஒட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தோலென்ஸ்காவும் பேலா க்ராயினாவும் சைக்கிளும் படகும் வைத்துக்கொண்டு சும்மா திரிபவர்களுக்கு. முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

படி 11: சாப்பாடு

கொஸ்தில்னா என்ற பலகை தொங்கும் இடங்கள் குடும்பம் நடத்தும் பழைய பாணி உணவகங்கள். வார நாட்களில் மதியத்துக்கு 'மலிட்சா' என்று விலை குறைந்த சாப்பாடு எழுதி வைத்திருப்பார்கள்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுக்கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கறி கண்ணில் படாத பண்டத்திலும் மேலே பன்றிக் கொழுப்பில் பொரித்த துண்டுகளைத் தூவிவிடுவார்கள். பக்வீட் மாவுக் களியில் கட்டாயம் இருக்கும். 'பிரெஸ் மேசா' என்றால் இறைச்சி இல்லாமல், 'பிரெஸ் ஓட்ஸ்விர்கோவ்' என்றால் அந்தத் துண்டுகள் இல்லாமல். இரண்டையும் சொல்லுங்கள். நம்பிக் கேட்கக்கூடியவை: பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டிய ஷ்த்ருக்லி, சோச்சா பக்கத்துச் சீஸ்-உருளைக்கிழங்கு அடை ஃப்ரிக்கா (அதிலும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்), காளான் சூப். இனிப்பில் பிளெட்டின் கிரீம் கேக்குக்குத்தான் பெயர் அதிகம். என் கணக்கில் பிரெக்முரியேயின் கிபானிட்சா அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: கசகசா, பாலாடைக்கட்டி, வால்நட், ஆப்பிள் அடுக்கடுக்காக.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளைச் சட்டப்படியே மூடிவிடுகிறார்கள். சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மலைக் குடில்களுக்கு ரொக்கம் எடுத்துப் போங்கள்.

படி 12: நாட்களாக அடுக்குவது

ஐந்து நாள் என்றால் லூப்லியானாவில் இரண்டு இரவு, போஹினில் இரண்டு. குகையை லூப்லியானாவிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். கடலையும் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

எட்டு நாள் என்றால் லூப்லியானா இரண்டு இரவு, போஹின் இரண்டு, விர்ஷிச் வழியாகக் கோபரித் இரண்டு, ஷ்கோட்சியானைப் பார்த்துக்கொண்டே பிரான் ஒன்று. கார் வாடகையைத் தலைநகரை விட்டுக் கிளம்பும் நாளில் தொடங்குங்கள். ஊருக்குள் இருக்கும்போது அது வீண் செலவு. பிரானிலிருந்து ட்ரியெஸ்தேயும் வெனிசும் பக்கம், அங்கிருந்தே விமானம் ஏறலாம். ஆனால் ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் கட்டணம் தாறுமாறாக ஏறும். காரைப் பிரானுக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான கோப்பரில் ஒப்படைக்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு, அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டுங்கள்.

பன்னிரண்டு நாள் இருந்தால் வியன்னாவில் இறங்கி ரயிலில் மரிபோர் வந்து, கிழக்கை முதலில் முடியுங்கள்: ப்துயில் இரண்டு இரவு, பிரெக்முரியேயில் இரண்டு. அப்புறம் மேலே சொன்ன எட்டு நாள் வழி. கூட்டமில்லாத பக்கத்தில் தொடங்குவதால் பயணக் களைப்பும் அங்கேயே தீர்ந்துவிடும்; பிளெட்டின் நெரிசலுக்கு வரும்போது தூக்கம் சரியாகியிருக்கும்.